மந்திரி முடித்து வைத்த குவைத் சண்டை

கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் கெலிஓயாவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். குவைத் சண்டையா, கொஞ்ச நாள்தானே, நம் பெண்கள் எல்லாரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்களே என்பார்கள். அந்தப் பெண்களிடம் கேட்டுச் சொல்வதில்லை. ஒரு மந்திரி மேடையில் சொன்னதைச் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

உம்மாவின் தங்கை, என் சாச்சி, அங்கே வீட்டு வேலைக்குப் போயிருந்தார். உடுத்த உடுப்போடு திரும்பி வந்தார். பாலைவனத்தில் நடந்தே எல்லையைத் தாண்டினாராம். கூட வந்த அலவத்துகொட ஊர்க் கூட்டாளி வழியில் தண்ணீரில்லாமல் செத்துப்போனாளாம். சாச்சிதான் கையால் மணலைத் தோண்டி அடக்கினாராம். கேட்டு வாப்பா அழுதார்.

அடுத்த கிழமை மந்திரி பஸ் தரிப்பிடம் திறக்க வந்தார். நம் பெண்களை ஒருவர் குறையாமல், ஒரு காப்புக் குறையாமல் கூட்டி வந்துவிட்டோம் என்றார். சனம் கைதட்டியது. வாப்பாவும் தட்டினார்.

வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் வீட்டுக்கு வீடு குளிக்கிற சவர்க்காரம் கொடுப்பது எங்கள் தெரு வழக்கம். எங்கள் வீட்டிலிருந்து எதுவும் போகவில்லை. பக்கத்து வீட்டு மாமி வாசலில் நின்று கேட்டார்:

"மந்திரியே சென்னாரே, ஒரு காப்பும் கொறயல்லன்னு. நீங்க மட்டும் எங்க ஒளிச்சு வச்சீக்கிறீங்க?"

உம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது. கண்டிக்குப் போய் வெளிநாட்டுச் சவர்க்காரம் ஒரு பெட்டி வாங்கி வந்தார். சாச்சி வேண்டாம் என்றார். உம்மா கேட்கவில்லை. சின்னப் பிள்ளையான நான்தான் தட்டில் அடுக்கி வீடு வீடாகக் கொண்டுபோனேன். எனக்கு அது பெருநாள்.

பிறகு வழியில் செத்த அந்தக் கூட்டாளியின் தாய் எங்கள் வீடு தேடி வந்தார். எல்லாரும் வந்தாச்சு என்று மந்திரி சொல்லிவிட்டதால், வராத மகள் எவனோடோ ஓடியிருப்பாள் என்று அவர் ஊரில் பேசினார்கள். சாச்சி வந்து பள்ளிவாசலில் கண்டதைச் சொன்னால், இறந்தவர்களுக்கு ஓதும் கத்தத்தை மகளுக்கும் ஓதலாம். அதற்காகத்தான் வந்தார். வழிகாட்டிக் கூட்டிவந்த மாமி சவர்க்காரக் கதையையும் சொல்லியே கூட்டிவந்திருந்தார்.

சாச்சி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அந்தத் தாய் அலுமாரி மேலிருந்த பெட்டியையே பார்த்தார்.

"சவுக்காரம் சொமக்க ஏலுமா இருந்தீக்கி. எண்ட மகளுக்கு ஒரு போத்தல் தண்ணி சொமக்க ஏலாமப் போச்சா?"

சாச்சி உம்மாவைப் பார்த்தார். கண்டியில் வாங்கியது என்று ஒரு சொல் போதும். மாமி வாசலிலேயே நின்றார். உம்மா தேத்தண்ணி ஊற்ற உள்ளே போய்விட்டார். அக்காவைத் தெருவுக்கு முன் காட்டிக்கொடுக்க சாச்சிக்கும் வாய் வரவில்லை.

அந்தத் தாய் எழுந்தார். சாச்சியைப் பள்ளிவாசலுக்கு வரச் சொல்லிக் கேட்கவில்லை. அந்த வீட்டில் கத்தம் ஓதப்படவேயில்லை.

வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று நான் ஓடிப்போய் அவர் கையில் ஒரு சவர்க்காரம் வைத்தேன். அவர் என் தலையைத் தடவினார். அதை எங்கள் மதில்மேல் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். இவ்வளவு வாசமான சவர்க்காரத்தை ஏன் வேண்டாம் என்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.