சாக்குத் தண்ணீர்க் கீரை

பாறையை அரைத்துச் செய்கிற உரத்தில் காட்மியம் என்கிற நச்சு உலோகம் இருக்குமாம். அது மண்ணில் தங்கி, கீரையில் ஏறி, தின்றவனின் சிறுநீரகத்தில் சேருமாம். இப்போது பத்திரிகையில் போடுகிறார்கள். எண்பது கடந்தவனுக்கு இந்தச் செய்தி எதற்கு? தின்றதை வாந்தியெடுக்கவா?

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். அக்கா, அத்தானின் ஒற்றையறைக் காம்பராவில்தான் எனக்கும் இடம். லயம் என்கிற அந்த வரிசை வீட்டில் பன்னிரண்டு காம்பரா, பின்பக்கம் பன்னிரண்டு கீரைப் பாத்தி, எல்லாருக்கும் மலையிலிருந்து குழாயில் விழும் ஒரே பீலித் தண்ணீர்.

தேயிலைக்கு அந்தப் பாறை உரம் போட்டு முடிந்ததும், காலிச் சாக்குகளைப் பீலியில் அலசித் திருப்பிக் கொடுக்கவேண்டும். அலசிய தண்ணீரை நாங்கள் பாத்திக்கு ஊற்றிக்கொள்ளலாம். மலை வேலையைப் பார்க்கும் கண்டாக்கு எங்களுக்குச் செய்த தயவு அது. அந்தச் சாம்பல் நிறத் தண்ணீருக்கு எங்கள் சனம் போட்ட சண்டையைத் தீர்க்க, வீட்டுக்கு நான்கு சாக்கு என்று எண்ணிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அக்கா அப்போது தலைப்பிள்ளைக்காரி. பால் ஊறவேண்டுமென்று தினமும் கீரைதான்.

"வாத்தியார் வீட்டுக் கீரையப் பாருங்கடி, தேயிலைக்கே வெக்கமா இருக்கும்" என்பாள் பக்கத்துக் காம்பராக்காரி.

எங்களிடம் ஒரு மாடு இருந்தது. தோட்டத்து மண்ணில் மாடு கட்டினால் சாணம் தொரை பங்களாவில் கோவா என்கிற முட்டைக்கோஸ் பாத்திக்குப் போய்விடவேண்டும். தினமும் கூடையில் கொண்டுபோகிற அத்தான், ஒருநாள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"பங்களா தோட்டக்காரன் கோவாவுக்கு ஒரு கை உரத்தப் போட்டுட்டான். தொரை அத்தனையும் புடுங்கி எறிய வச்சிட்டாரு. திங்கிற சாமானுக்கு இந்தக் கருமத்தப் போடுவியான்னு ஒரே ஏச்சு!"

அக்கா சிரிக்கவில்லை. "ஏங்க, அப்ப நாம திங்கிறது என்னவாம்?"

மறுநாள் சாணக் கூடை பங்களாவுக்குப் போகவில்லை. அக்கா அதைத் தன் பாத்தியில் கொட்டி மண்ணோடு கிளறிவிட்டாள். கண்டாக்கு லயத்துக்கே வந்துவிட்டார்.

"இந்தா புள்ள, சாணம் எங்க?"

"எங்க மாட்டுச் சாணம் எங்க பாத்தியில இருக்குங்கய்யா."

"அப்ப தொரை கோவாவுக்கு?"

"சாக்குத் தண்ணிய ஊத்தச் சொல்லுங்க. நல்லதுன்னுதானே எங்களுக்குக் குடுத்தீங்க?"

வாசல்களில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். கண்டாக்குக்கு முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரே, படிச்சவரு, நீங்க எடுத்துச் சொல்லுங்க."

"அந்த உரத்துல என்னதாங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"தேயிலைக்கு ஏத்தது இருக்கு. தேயிலையே கேக்கல, நீங்க ஏன் கேக்குறீங்க?"

அந்த மாதமே, லயத்தில் மாடு கட்டக்கூடாது என்று எங்களுக்கு மட்டும் உத்தரவு வந்தது. பன்னிரண்டு காம்பராவில் மாடு இருந்தது ஐந்தில். போனது எங்களுடையது ஒன்றுதான். அத்தான் அதை அட்டன் டவுனுக்கு ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு, வெறுங்கயிற்றோடு வந்தார். சாணமும் இல்லை, பிள்ளைக்குப் புகட்ட மாட்டுப்பாலும் இல்லை.

தொரைக்குக் காட்மியம் தெரிந்திருக்காது. ருசிக்காகவே ஏசியிருப்பார். இருக்கட்டும். தன் வாய்க்கு ஆகாதென்று கண்டது எங்கள் வாய்க்கு ஆகும் என்று எப்படிக் கண்டார்கள்? பின்னாளில் அக்கா சிறுநீரகம் கெட்டுத்தான் செத்தாள். கீரைதான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். செய்யவும் முடியாது. அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளிச் சோதிக்க அன்றும் ஆள் இல்லை, இன்றும் இல்லை.

அடுத்த தடவை உரம் போட்டு முடிந்தபோது அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பீலியடி வரிசையில் வந்து நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாத்தியச் சும்மா போட்டா எதத் திங்கிறது? எண்ணிக் குடு தம்பி" என்றாள்.

நான்கு சாக்கு எண்ணிக் கொடுத்தேன்.