கூச்சப்பட்டு ஓட்டிய வண்டி

தெருவில் அவரைப் புகைக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் பீடி, சிகரெட் எதையும் கையால் தொட்டதில்லை. வண்டிகளின் பின்பக்கக் குழாயில் கருவியைச் செருகி, அவை விடும் மூச்சை அளந்து, தேறியதற்குப் பச்சைச் சீட்டும் தேறாததற்குச் சிவப்புச் சீட்டும் ஒட்டுகிற உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாக அதே சோதனை நிலையம், அதே இரண்டாவது வரிசை. வேலைக்குப் போய்வருவது சைக்கிளில்.

பெரிய வண்டிகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஏழு பேர் உட்காரும் வண்டியிலிருந்து ஒற்றை ஆள் இறங்கினால், "மத்த ஆறு பேரும் பின்னாடி நடந்து வர்றாங்களா சார்?" என்று மரியாதையாகக் கேட்பார். கேட்கப்பட்டவர்கள் சிரிக்க மாட்டார்கள். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குச் சம்பளத்தோடு சேர்ந்த படி மாதிரி.

அப்பேர்ப்பட்டவர் வீட்டு வாசலில்தான் அந்தத் தெருவிலேயே பெரிய வண்டி நின்றது. ஒரு தங்கும் விடுதிக்கு விருந்தாளிகளை ஏற்றி இறக்கிக் களைத்துப்போன டீசல் வேன். உயரக் கூரை, பின்பக்கம் இரட்டைக் கதவு. லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர், அதுவும் அது நல்ல மனநிலையில் இருந்தால். சந்து முனை மளிகைக் கடைக்காரர் வண்டி வந்த அன்றே அதற்கு மொடாக்குடியன் என்று பெயர் வைத்துவிட்டார்.

வாங்கியது மகளுக்காக. மகளுக்கு இருபத்துமூன்று வயது. சின்ன வயதிலேயே தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துபோகிற நோய். வாய்க்கு மட்டும் ஒரு சோர்வும் இல்லை. மின்கலத்தில் ஓடும் சக்கர நாற்காலி அவளுடையது. அது மடங்காது. அவள் உட்காராமலே நூறு கிலோ. எந்தச் சின்ன வண்டியிலும் அது ஏறாது. ஆகவே வெளியே போகவேண்டுமென்றால் நாற்காலியை வீட்டில் விட்டுவிட்டு, அப்பா கைகளையும் ஆட்டோக்காரர் கால்களையும் பிடித்துத் தூக்கிப் போடுவதுதான் வழக்கமாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், தூக்கும்போது செருப்பு கழன்று சாக்கடையில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் நிதானமாகச் சொன்னாள்.

"அப்பா, இதோட போதும். அரிசி மூட்டை கூட நேரா நிமிர்த்தி வச்சா நிக்கும். இனிமே என்னை யாரும் தூக்க வேணாம். தூக்கித்தான் போகணும்னா நான் போகல."

எட்டு மாதம் அவள் வாசற்படி தாண்டவில்லை. ஒன்பதாவது மாதம் அவர் போய் வேனைப் பிடித்துக்கொண்டு வந்தார். பட்டறையில் பின்கதவுக்கு ஒரு இரும்புச் சாய்தளம் வைத்துப் பற்றவைத்தார்கள். முதல் நாள் அவள் தானே விசையைத் தள்ளி, தானே ஏறி, உள்ளே போய் நாற்காலியைத் திருப்பி நிறுத்தி, "என்ன பாத்துட்டு நிக்கறீங்க? வண்டிய எடுங்க" என்றாள்.

தெருவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் திட்டினார்கள். காரணம் நியாயம், புகை அநியாயம் என்பது அவர்கள் கட்சி. எதிர்வீட்டு அறிவியல் டீச்சர் வைப்பரில் ஒரு சீட்டுச் செருகிவைத்தார். "உங்கள் வண்டி சாலையில் ஓடுவதைவிட அதிகமாக என் நுரையீரலில் ஓடுகிறது." கையெழுத்தும் போட்டிருந்தார். ஒளிந்துகொண்டு எழுதுகிற பழக்கம் டீச்சருக்குக் கிடையாது. பெட்ரோல் பங்கில் குழாய் பிடிக்கிறவர், "இன்னுமா சார் ரொம்பல? அடியில ஓட்டை எதுவும் இருக்கான்னு பாத்துருவோமா?" என்பார். சிக்னலில் பக்கத்தில் நிற்பவர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார்கள், புகை வராத நாளிலும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்கள் சொன்ன அத்தனையையும் புகைக்காரர் ஒப்புக்கொண்டார். டீச்சரின் சீட்டைக் கிழிக்காமல் வண்டிக்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்தார். நன்றாக எழுதப்பட்ட வாக்கியம் என்பது அவர் அபிப்பிராயம். ஆகவே வண்டியைக் கூச்சத்தோடு ஓட்டினார். தெருவில் முப்பதைத் தாண்டியதில்லை. மிதியை முட்டை மேல் கால் வைப்பதுபோல் வைத்தார். ஒவ்வொரு சிக்னலிலும் அணைத்தார். டீச்சர் வீட்டைக் கடக்கும்போது எஞ்சின் இருமிவிடக் கூடாதே என்று இவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். பின்னால் வரும் சைக்கிள்கள் மணியடித்து முந்திப் போகும். "அப்பா, அந்த நாய் கூட நம்மள முந்திடுச்சு. அதுக்கு ஒரு கால் நொண்டி" என்பாள் மகள்.

போன மாதம் அவளுக்கு வேலை கிடைத்தது. நகரப் பேருந்துக் கழகத்தில், வழித்தட வரைபடம் போடுகிற பிரிவில். தன்னால் ஏற முடியாத பேருந்துகள் எந்தெந்த வழியாகப் போகவேண்டும் என்று அவள் வரையவேண்டும். நேர்காணலில் அதை அவளே சொல்லியிருக்கிறாள். கேள்வி கேட்டவர்கள் தண்ணீர் குடித்தார்களாம். திங்கட்கிழமை சேரவேண்டும், அன்று வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு என்று கடிதத்திலேயே போட்டிருந்தது.

அதற்கு முந்தின வியாழக்கிழமை வேனுக்கு வருடாந்தரப் புகைச் சோதனை வந்தது.

சோதனை நிலையத்தில் ஒரு நடைமுறை உண்டு. ஊழியர்களின் சொந்த வண்டிகளைக் கருவியில் போடுவதில்லை. டீ குடித்துக்கொண்டே யாராவது ஒரு பச்சைச் சீட்டு எழுதிவிடுவார்கள். அன்றும் முதல் வரிசைக்காரர் பேனாவை எடுத்துவிட்டார்.

"வண்டி எண் சொல்லுங்கண்ணே, எழுதிடறேன். புகை நாப்பதுன்னு போடவா? நாப்பத்திரண்டுன்னு போட்டா நம்பற மாதிரி இருக்கும்."

"மெஷின்ல போடு."

"எதுக்குண்ணே வேண்டாத வேலை?"

"ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் போடறோம்ல? போடு. வேணாம், தள்ளு, நானே போடறேன்."

நேர்மை பாதி, பெருமை பாதி. இத்தனை பதமாக ஓட்டிய வண்டி எவ்வளவு சுத்தமாக வரும் என்று எல்லோரும் பார்க்கட்டுமே என்ற ஆசை. குழாயைச் செருகி, மிதியைத் தரையோடு அழுத்தினார். வண்டி வாங்கியதிலிருந்து அவர் கால் அவ்வளவு தூரம் இறங்கியதே இல்லை. பின்னால் கன்னங்கரேலென்று ஒரு மேகம் எழுந்தது. முதல் வரிசைக்காரரின் டீ அதற்குள் மறைந்து போயிற்று.

புகையின் அடர்த்திக்கு வரம்பு அறுபத்தைந்து. திரையில் எழுபத்தொன்று.

"எஞ்சின் சூடாகல போல. இன்னொரு தடவை பாக்கலாம்ணே" என்றார் முதல் வரிசைக்காரர், டீயைத் தேடிக்கொண்டே.

மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுப்பதுதான் விதி. எடுத்தார். எழுபத்தொன்று எழுபதானது. சிவப்புச் சீட்டை எழுதி, கையெழுத்துப் போட்டு, கண்ணாடியின் நட்டநடுவில் ஒட்டினார். மற்றவர்கள் வண்டிக்கு ஓரத்தில்தான் ஒட்டுவார். சிவப்புச் சீட்டு விழுந்த வண்டி பட்டறைக்குத் தவிர வேறெங்கும் போகக் கூடாது.

பட்டறையில் விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். விஷயத்தைக் கேட்ட மனைவி, கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினால் விஷயம் பெரிது என்று அந்த வீட்டில் அர்த்தம்.

"ஏங்க, ஊர் உலகத்துல எவனாவது தன் வண்டிக்குத் தானே சிவப்பு ஒட்டுவானா? இவ திங்கக்கிழமை எதுல போவா? உங்க நேர்மை மேல உக்காந்தா?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் சன்னலிலிருந்து திரும்பினாள்.

"எவ்வளவு வந்துச்சு?"

"எழுபது."

"கணக்குல நான் அவ்வளவு வாங்கினதில்ல" என்றாள். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆட்டோவில் போகலாமே என்று அவரும் சொல்லவில்லை, மனைவியும் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததற்காக அவள் பிற்பாடு இருவருக்கும் நன்றி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டறைக்குப் போனார். மெக்கானிக் புகைக்குழாயின் ஒரு பாகத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். உள்ளே விரலை விட்டு எடுத்துக் காட்டினார். மை.

"வண்டி நல்ல வண்டிண்ணே. ஓட்டின ஆள்தான் சரியில்ல."

"நான்தான் ஓட்டறேன்."

"தெரியும். பயந்து பயந்து ஓட்டியிருக்கீங்க. டீசல் எஞ்சினுக்கு அப்பப்போ பாரம் ஏத்தி, நல்லா மிதிச்சு, சூடு காட்டணும். இல்லன்னா கரி உள்ளயே தங்கிடும். புகை வரக்கூடாதுன்னு மிதிக்காமலே இருந்தீங்களா? அத்தனையும் சேத்து வச்சிருக்கு பாருங்க. வருஷம் பூரா அடக்கின தும்மல்."

புகைக்காரர் பக்கத்திலிருந்த டயர் மேல் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடப் புகை ஞானம். இதே விஷயத்தை எத்தனையோ பேருக்கு இவரே சொல்லியிருக்கிறார். தன் காலுக்கு மட்டும் அது எட்டவில்லை.

"இப்ப என்ன செய்யணும்?"

"குழாயும் வடிகட்டியும் நான் பாத்துக்கறேன். மீதிய வண்டியே பாத்துக்கும். நாளைக்குக் காலைல மலைப்பாதை ஏத்தத்துல, மூணாவது கியர்ல, முழுப் பாரத்தோட ஒரு மணி நேரம் மிதிக்கணும். சோதனை ஓட்டத்துக்குன்னு பட்டறைக்குக் குடுத்திருக்கற நம்பர் பலகைய மாட்டிக்கலாம், சட்டப்படி சரி. ஆனா வெறும் வண்டிய ஓட்டிப் பிரயோஜனமில்ல. ஆள் சேத்துட்டு வாங்க. கனமான ஆளா."

அந்த வண்டியில் ஏற அந்தத் தெருவில் ஆள் சேர்ப்பதா? மகள்தான் செய்தாள். கைப்பேசியில் தெருக் குழுவில் ஒரு செய்தி போட்டாள்: "மொடாக்குடியனின் கரியை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடப்போகிறோம். எடை தேவை. இதுவரை திட்டியவர்களுக்கு முன்னுரிமை."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மெக்கானிக் பலகையை மாட்டி வண்டியை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். முதலில் வந்தது டீச்சர். தலையில் துணி கட்டியிருந்தார்.

"சார், ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். நான் உங்க வண்டிக்குத்தான் எதிரி. உங்க பொண்ணுக்கு இல்ல."

"நானும் அந்தக் கட்சிதான் டீச்சர்" என்றார் அவர்.

"எப்படி இவ்வளவு கரி சேந்துச்சு?"

"உங்க சீட்டுக்குப் பயந்து."

டீச்சர் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஏறி முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். அடுத்து மளிகைக் கடைக்காரர் எட்டு வெங்காய மூட்டைகளோடு வந்தார். மலைக்கு மேலே அவருக்கு ஒரு கிளைக் கடை இருக்கிறது. "எடைதானே கேட்டீங்க? நான் ஒருத்தன் போதும்தான், இருந்தாலும் கூட இருக்கட்டும்." பின்னால் மனைவி, மகள், நாற்காலி. ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் மெக்கானிக்.

ஏற்றம் தொடங்கியது. "மிதிங்க" என்றார் மெக்கானிக். அவர் மிதித்தார். "இது மிதியா? தடவிக் குடுக்கறீங்க. மிதிங்கண்ணே!" தரையோடு அழுத்தினார். பின்னால் சாலை காணாமல் போயிற்று. டீச்சர் திரும்பிப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "எல்லாம் என் தப்பு, எல்லாம் என் தப்பு" என்று முணுமுணுத்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இருபது நிமிடத்தில் மேகம் சாம்பலாயிற்று. நாற்பதாவது நிமிடத்தில் முந்திவந்த சைக்கிள்காரர் முகம் பின்னால் தெளிவாகத் தெரிந்தது. உச்சியில் வண்டியை நிறுத்தியபோது எஞ்சின் வேறு யாருடையதோ போலச் சீராக ஓடிக்கொண்டிருந்தது. புகைக்காரர் இறங்கிப் பின்பக்கம் போய், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கதவை ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

மத்தியானம் மறுசோதனை. இந்தத் தடவை அவரைக் கருவிப் பக்கமே விடவில்லை. முதல் வரிசைக்காரர் டீயைப் பத்திரமாக அறைக்குள் வைத்துவிட்டு வந்து, மூன்று தடவை போட்டார்.

"முப்பத்தெட்டு. நான் எழுதறதா இருந்த நாப்பத விட கம்மிண்ணே. பொய் கூட உங்க வண்டி அளவுக்குச் சுத்தமா இல்ல."

பச்சைச் சீட்டை ஒட்டும்போது புகைக்காரருக்குக் கண்ணைக் கரித்தது. புகை அங்கே இல்லை.

திங்கட்கிழமை காலை வைப்பரில் மறுபடியும் ஒரு சீட்டு இருந்தது. "என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் எட்டுப் பேர் வண்டியில் இரண்டு பேர் போவது இரட்டைத் தப்பு. என் பள்ளி அதே வழியில்தான் இருக்கிறது. ஏழே முக்காலுக்கு வாசலில் நிற்பேன். எதிர்ப்புடன்." கீழே அதே கையெழுத்து. அதையும் முதல் சீட்டோடு சேர்த்து வைத்தார். ஊர் தன்னைத் திட்டியதற்கும், திட்டிவிட்டு ஏறி உட்கார்ந்ததற்கும் சேர்த்து நன்றி சொல்ல ஒரு வார்த்தை தேடினார். கிடைக்காததால் டீச்சர் ஏறுவதற்குக் கதவைத் திறந்துவிட்டார். மளிகைக் கடைக்காரரும் சந்தைக்கென்று தொற்றிக்கொண்டார்.

பேருந்துக் கழக வாசலில் சாய்தளத்தை இறக்கினார். மகள் தானே விசையைத் தள்ளி, தரைக்கு இறங்கினாள். புதுச் செருப்பு, இரண்டு காலிலும்.

"அப்பா, இந்த வேலைல இருந்து, நான் ஏறற மாதிரி ஒரு பஸ்ஸ கொண்டு வரப்போறேன். அன்னிக்கு இத வித்துடுங்க."

"சரிம்மா. அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும்," அவள் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினாள், "நல்லா மிதிங்க."