பனி ஆளை மூடும் என்று மாமா சொன்னார்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து அம்மாவின் தம்பி எங்கள் ஊர் தேற்றாத்தீவுக்குத் திரும்பி வந்தபோது எனக்கு எட்டு வயதிருக்கும். பட்டாளத்தோடு லெபனான் மலைகளுக்குப் போய், அங்கே வீதிகளில் விழும் பனியை அள்ளி வழி திறக்கும் வேலை பார்த்தவர் அவர். பனி விழுந்து ஆளை மூடிவிடும் என்று அவர் சொன்னதும் நானும் அண்ணனும் சிரித்துவிட்டோம். நாங்கள் அறிந்த பனி, மார்கழி விடியலில் புல்லை நனைத்துவிட்டு வெயில் ஏறுமுன் காணாமற்போகிற பனி. அதில் யார் அகப்படுவார்கள்?

மாமா கோபிக்கவில்லை. அந்த ஊர்ப் பனி மணல் மாதிரிக் குவியும் என்றார். பழைய பனி இறுகிக் கிடக்க, அதன்மேல் புதுப்பனி படுத்திருக்குமாம். இரண்டுக்கும் நடுவில் சீனி போல உதிர்கிற ஒரு அடுக்கு இருந்துவிட்டால், ஒரு ஆள் மிதித்தாலே சரிவு முழுவதும் கழன்று வருமாம். காலடியில் ‘தொம்’ என்று சத்தம் கேட்டால் வாய் பேசாமல் வந்த வழியே திரும்பிவிடுவார்களாம். அண்ணனுக்கு அந்தத் ‘தொம்’ மிகவும் பிடித்துப்போயிற்று. நான் நடக்கும்போதெல்லாம் பின்னால் வந்து தொம் என்பான்.

அந்த வருஷத்து முதல் மாரிமழை பெய்து ஓய்ந்த கையோடு, கடற்கரை மணல்மேட்டில் அண்ணன் ஒரு குகை தோண்டத் தொடங்கினான். மாமா வந்து பார்த்தார். மேடு வெளியில் மழைக்கு நனைந்து கெட்டியாக நின்றது. உள்ளேயிருந்து ஒரு பிடி எடுத்தார். காய்ந்த மணல், விரலிடுக்கால் ஓடியது. கம்பால் குகையை இடித்துப்போட்டார். அண்ணன் அவரோடு கதைப்பதை நிறுத்தினான். பிறகு தாழம்பற்றைக்கு அப்பால், அவர் கண்ணில் படாத இடத்தில் இன்னொன்று தோண்டினான்.

குகை வாசலில் பதிக்க நான் சிப்பி பொறுக்கிக்கொண்டு வந்தேன். அண்ணன் உள்ளே தவழ்ந்து போவது தெரிந்தது. பெரிய சத்தம்கூட வரவில்லை. மேடு ஒருதரம் அசைந்து கீழே இறங்கியது. வாசலும் இல்லை, அண்ணனும் இல்லை.

அலறிக்கொண்டு ஓடினேன். அம்மாவும் கரைவலைக்காரரும் மண்வெட்டிகளோடு ஓடிவந்து மேட்டில் ஏறப் போனார்கள். மாமா கைகளை விரித்து மறித்தார்.

“மேல ஒருத்தரும் ஏறாதீங்க. மண்வெட்டியும் வேணாம்.”

பிறகு என் முன்னால் குந்தி, அவசரமே இல்லாதவர்போலக் கேட்டார்: “கடைசியா அவனை எங்க கண்ட, புள்ள?”

கையைக் காட்டினேன். வீட்டிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த, மாங்காய் பறிக்கிற கொக்கத்தடியைத் தலைகீழாகப் பிடித்து, அந்த இடத்தைச் சுற்றி மெல்ல மெல்லக் குத்திப் பார்த்தார். தடி இறங்கிக்கொண்டே போனது. ஓரிடத்தில் நின்றது. அங்கே பக்கவாட்டில் கையால் அள்ளச் சொன்னார். எல்லோரும் முழந்தாளில் விழுந்து அள்ளினார்கள். முதலில் தலைமயிர் தெரிந்தது. மாமா முகத்தை விடுவித்து, வாய்க்குள் விரலை விட்டு மணலை வழித்தெடுத்தார். அண்ணன் நீலம் பாரித்துக் கிடந்தான். முதுகில் ஓங்கி அறைந்தார். இருமல் வந்தது.

அண்ணன் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டவன். அவன் இருமினால் எல்லோரும் மருந்தைத் தேடுவார்கள். எனக்கு மட்டும் மனசு நிறையும்.

அம்மா அன்று தன் தம்பியின் காலில் விழப் போனா. அக்கா தம்பி காலில் விழுவதை நான் அதற்குமுன் கண்டதில்லை. மாமா பதறி விலகி, அம்மாவைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கடலில் கை கழுவப் போனார். திரும்பிவர வெகுநேரமாயிற்று.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மணலை அள்ளியபோது மாமா அண்ணனின் பெயரைச் சொல்லவில்லை. “சோமபால, சோமபால” என்றுதான் விடாமல் கூப்பிட்டார். மறுநாள் அது யார் என்று கேட்டேன். பட்டாளத்தில் தன்னோடு பனி அள்ளிய பொடியன் என்றார்.

“அவர் ஊருக்கு வரல்லையா, மாமா?”

“இல்ல புள்ள. அவன் அங்கயே இருந்திட்டான்.”

அந்த சோமபாலவுக்குப் பனி நாட்டில் நல்ல வேலை கிடைத்து, அங்கேயே குடியிருந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். மாமாவும் அப்படி இருந்துவிடாமல் எங்களிடம் வந்தாரே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதை அவரிடமே சொன்னேன். அவர் என் தலையைத் தடவி, ஓம் என்றார்.