பொட்டு வைத்த மாதா

எழுபதுகளின் நடுவில் சிட்னிக்கு வந்து லிட்கமில் வீடு எடுத்தபோது, எங்கள் சாமிப் படங்கள் இன்னும் கப்பலில் வந்துகொண்டிருந்தன. சட்டி பானையோடு முருகனையும் ஒரே பெட்டியில் போட்டு அனுப்பியது என் கணவரின் மூளை. வெள்ளிக்கிழமை வந்தால் குசினிச் சுவரில் சாமிக்கென்று அடித்த தட்டு வெறுமையாகக் கிடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அங்கே நான் கதைக்க இருந்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு அன்ரி. ஸ்பெயினில், கத்தலோனிய மலைக்கிராமம் ஒன்றில் பிறந்த கத்தோலிக்கர். ஒருநாள் பழைய கலண்டரிலிருந்து வெட்டி அட்டையில் ஒட்டிய மாதா படம் ஒன்றைத் தந்தார். அவருடைய ஊர்க் கோயில் சுவரில் பல நூறு வருடங்களுக்கு முன் யாரோ தீட்டியதாம். தீட்டியவர் பெயர் ஒருவருக்கும் தெரியாது. சிவப்பும் நீலமுமாய்ப் பட்டைகள், நடுவில் மடியில் பிள்ளையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மாதா. மருந்துக்கும் சிரிப்பு இல்லை. கண்கள் மட்டும் அகல விழித்து, எந்த மூலைக்குப் போனாலும் விடாமல் பார்க்கும். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நம்முடைய ஆள்.

அடுத்த வெள்ளி தலை முழுகி, பொங்கிப் படைத்து, மாதாவைத் தட்டில் வைத்து விளக்கேற்றினேன். நெற்றியில் குங்குமமும் வைத்தேன். பிள்ளைக்கு வைக்காமல் விட மனம் கேட்குமா? அதற்கும் ஒரு பொட்டு.

கணவர் கண்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "அது அவவின்ர மாதா. மனுசி கண்டால் இனி உம்மோட கதைப்பாவோ?"

அதற்குள் பின்கதவு திறந்தது. அன்ரிக்குத் தட்டிவிட்டு வரும் பழக்கமே கிடையாது. நான் ஓடிப்போய்த் தட்டை மறைத்து நின்றேன். என் உயரத்துக்கு எதை மறைப்பது? அவர் என்னை விலக்கிவிட்டுப் பார்த்தார். இருந்த ஒரு சிநேகிதமும் போச்சு என்று நினைத்தேன். குங்குமத்தை அழிக்கக் கையை நீட்டினேன். அன்ரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவருடைய உடைந்த ஆங்கிலத்தை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "நான் பிறக்க முன்னமே சுவரில துணியை ஒட்டி, படத்தை அப்பிடியே உரிச்சுக் கொண்டுபோய் நகரத்து மியூசியத்தில வச்சிட்டினம். அங்க எல்லாரும் வந்து பாக்கினம். ஒருத்தரும் விளக்குக் கொளுத்திறேல்லை."

பிறகு சிலுவை அடையாளம் போட்டுக் கும்பிட்டார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, சர்க்கரைப் பொங்கலைக் கேட்டு வாங்கி இரண்டாந்தரமும் சாப்பிட்டார். அதன்பின் வெள்ளி தவறாமல் தன் வளவில் பூத்த ஏதாவது பூவோடு வந்துவிடுவார். நாங்கள் சிரிக்கிற சிரிப்பில் விளக்கு அணையாமல் இருந்ததே பெரிய காரியம். அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

ஒருவழியாகப் பெட்டி வந்தது. முருகன் ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்து தட்டில் ஏறினார். பூவோடு வந்த அன்ரி அவரைக் கண்டதும் கதவடியிலேயே நின்றுவிட்டார். முகம் சுண்டிப்போனது.

"இனி இவவை எடுத்துப் போடுவியோ?"

"ஏன் எடுக்கோணும்? முருகன்தானே பிந்தி வந்தவர். அவர் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும்" என்றேன்.

அன்ரி உள்ளே வந்து மாதாவுக்குப் பூ வைத்தார். மிச்சத்தை முருகனுக்கு வைத்தார்.