மிஸ் தமிழில் நடத்திய இங்கிலீஷ்

மிஸ்ஸுக்கு வெளிநாட்டில் இங்கிலீஷ் டீச்சர் வேலை கிடைத்தபோது தலைகால் புரியாமல் ஆடியது மிஸ் அல்ல, அவர் வீட்டுக்காரர். அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அந்தத் தொழிலில் ஒரு வசதி உண்டு. கடைக்கு வந்தவர் காகிதம் கைக்கு வருகிற வரை நகர முடியாது, சொல்வதையெல்லாம் கேட்டுத்தான் ஆகவேண்டும். மார்க் ஷீட் எடுக்க வந்தவர்களுக்கும் வீட்டுப் பத்திரம் எடுக்க வந்தவர்களுக்கும் இரண்டு பக்கமும் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, "எங்க வீட்டம்மா ஃபாரின் போறாங்க. இங்கிலீஷ்காரனுக்கே இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கப் போறாங்க" என்பார். மிஸ் போவது இங்கிலீஷ் தெரியாதவர்களின் நாட்டுக்கு என்று அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. கதைக்கு அது இடைஞ்சலாக இருந்ததால் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பேட்டி வீடியோவில் நடந்தது. பீரோ தெரியாமலிருக்கப் பின்னால் ஒரு புதுப் போர்வையைக் கட்டினார்கள். வீட்டுக்காரர் மூச்சு விடாமல் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்பது வயது மகள், குக்கர் விசில் அடித்துவிடாமல் அடுப்படியில் காவல் இருந்தாள். கேட்கக்கூடிய கேள்விகள் என்று எழுதி வைத்து மனப்பாடம் செய்திருந்ததில் மூன்று அப்படியே வந்தன. மிஸ் கடகடவென்று ஒப்பித்தார். அந்தப் பக்கம் இருந்த முதலாளியம்மாவுக்கும் அதற்கு மேல் கேட்கிற அளவு இங்கிலீஷ் கிடையாது. இருவருக்கும் ஒருவரையொருவர் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

நிபந்தனை ஒன்றுதான். முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். முடிவில் பெற்றோர் எல்லோரையும் உட்கார வைத்து அவர்கள் முன்னால் ஒரு பாடம் நடத்தவேண்டும். அவர்களுக்குத் திருப்தி என்றால் இரண்டு வருட ஒப்பந்தம், குடும்பத்தையும் கூட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். "மூணே மாசம்டா, அப்புறம் நீயும் அப்பாவும் வந்துடலாம்" என்று சொல்லித்தான் விமான நிலையத்தில் மிஸ் தன் முந்தானையை மகளின் பிடியிலிருந்து விடுவித்துக்கொண்டு போனார்.

பள்ளிக்கூடம் என்று மிஸ் நினைத்துப் போனது, ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்த ஒரு மாடி. நாலு அறைகள், நாலுக்கும் கண்ணாடிச் சுவர். பிள்ளைகள் படிக்கிற அழகைப் பெற்றோர் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு விளம்பரப் படம், அதில் மஞ்சள் முடியோடு ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒருத்தி அங்கே வேலையும் பார்க்கவில்லை, அந்த ஊரிலேயே இல்லை. முதல் நாள் மிஸ் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றபோது, மழையில் நனைந்து வந்த ஒரு தகப்பனார் சொட்டச் சொட்டத் தன் குடையை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மிஸ்ஸும் வாங்கி, உதறி, மடக்கி, அதற்கான கூடையில் வைத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனார். ஐந்து நிமிஷம் கழித்து கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அந்த மனிதர் முழித்த முழியை நினைத்தால் மிஸ்ஸுக்கு இன்றும் சிரிப்பு வரும். அன்றைக்கு வரவில்லை.

அன்றைக்கு வேறு பெரிய சங்கடம் காத்திருந்தது.

ஊரில் மிஸ் பதினெட்டு வருஷம் இங்கிலீஷ் பாடம் எடுத்தவர். அறுபது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குவார். நம் பக்கத்தில் இங்கிலீஷ் எப்படி நடத்தப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியாததா? ஒரு வரி வாசிப்பார்கள். அதற்கு அர்த்தத்தைத் தமிழில் சொல்வார்கள், கூடவே ஒரு கதை, ஒரு திட்டு, பக்கத்து வகுப்பு மிஸ்ஸைப் பற்றி ஒரு குத்தல், எல்லாம் தமிழில். பிறகு அடுத்த வரி. ஒரு பீரியட் இங்கிலீஷில் முக்கால் பீரியட் தமிழ்தான். இதை மிஸ் ஒருநாளும் கவனித்ததில்லை. நாம் மூச்சு விடுவதை நாம் கவனிக்கிறோமா?

பதினோரு பிள்ளைகள், எல்லாம் ஏழு வயது, வட்டமாகத் தரையில் உட்கார்ந்திருந்தன. மிஸ் புத்தகத்தைத் திறந்து கணீரென்று முதல் வரியை வாசித்தார். வழக்கம்போல் புத்தகத்தை மார்பில் சாய்த்துக்கொண்டு அர்த்தம் சொல்ல வாயைத் திறந்தார்.

எந்த பாஷையில் சொல்வது?

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தமிழை எடுத்துவிட்டால் தன்னிடம் மிச்சம் இருப்பது அந்தப் புத்தகத்தில் அச்சடித்திருப்பது மட்டும்தான் என்று அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது. ஒரு தடவைகூட, ஒரு மனுஷரிடம்கூட, அவர் இங்கிலீஷில் சும்மா பேசியதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளியம்மா நின்று, இரண்டு விரலால் தன் உதட்டோரங்களை மேலே தூக்கிக் காட்டினார். சிரிக்கச் சொல்கிறாராம்.

அதற்குள் ஒரு குட்டிப் பயல் எழுந்து மேஜைமேல் ஏறினான். மிஸ்ஸுக்குப் பழைய உயிர் வந்துவிட்டது. "டேய், எறங்குடா கீழ. ஒழுங்கா உக்காரு" என்று ஒரு அதட்டு. பயல் இறங்கி உட்கார்ந்தான். மற்ற பத்துப் பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதட்டலுக்கு அகராதி தேவையில்லை போலும். 

அன்றிலிருந்து வண்டி அப்படித்தான் ஓடியது. புத்தகத்தில் இருப்பது இங்கிலீஷில், மற்றதெல்லாம் தமிழில். உக்காரு, எழுந்திரு, மூக்கைத் துடை, அவளைக் கிள்ளாதே, சபாஷ், என் தங்கமே. சாயங்காலம் படியிறங்கும்போது ஒவ்வொரு பிள்ளையின் முதுகிலும் தட்டி "பாத்துப் போ" என்பார். பிள்ளைகளுக்கு மிஸ்ஸை ஏகத்துக்கும் பிடித்துவிட்டது. சில வால்கள் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று மாடிப்படியில் உட்கார்ந்து அழிச்சாட்டியம் செய்தன.

ஒரு நாள் முதலாளியம்மா தன் அறைக்குக் கூப்பிட்டார். இருவரும் பேசியது ஆளுக்குப் பாதி இங்கிலீஷில். நமக்கு எதற்கு அந்தச் சிரமம், தமிழிலேயே கேட்போம்.

"பிள்ளைங்க வீட்ல போய்ப் புதுசு புதுசா வார்த்தை சொல்றாங்களாம். பெத்தவங்க அகராதியில தேடிப் பாத்திருக்காங்க. கெடைக்கலையாம். அது எந்த இங்கிலீஷ்?"

 உண்மையைச் சொன்னால் இன்றைக்கே மூட்டை கட்டவேண்டும். மகளிடம் என்ன சொல்வது? மிஸ் வாயில் வந்ததைச் சொன்னார். "அது... பேச்சு வழக்கு இங்கிலீஷ் மேடம். அகராதியில எல்லாம் இருக்காது."

முதலாளியம்மா தலையாட்டினார். நம்பினாரா, நம்பாமல் ஆட்டினாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

சும்மா சொல்லக்கூடாது, அதன் பிறகு மிஸ் உழைத்தார். கம்பெனி கொடுத்த அறையில் ஒரு கட்டில், ஒரு துணிக்கொடி, எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்த ஒரு ஜன்னல். அங்கே உட்கார்ந்து சுவரோடு இங்கிலீஷ் பேசினார். வகுப்பில் அட்டை வெட்டினார், முயல் மாதிரிக் குதித்தார், ஆட வராத உடம்பை வைத்துக்கொண்டு ஆடினார். ஊரில் அவர் ஒரு பார்வை பார்த்தால் உறைந்துபோகும் பிள்ளைகள் இதைப் பார்த்திருந்தால் ஆயுசுக்கும் பயம் விட்டுப்போயிருக்கும். நாளாக ஆக, தமிழ் கொஞ்சம் குறைந்தது. பிள்ளைகள் உண்மையிலேயே இங்கிலீஷில் நாலு வார்த்தை கோத்துப் பேசத் தொடங்கின. மிஸ்ஸும்தான்.

வீட்டுக்காரர் தினமும் கடையிலிருந்து வீடியோவில் கூப்பிடுவார். "என்னம்மா, உன் இங்கிலீஷைக் கேட்டு எல்லாரும் அசந்துட்டாங்களா?"

"அசந்துட்டாங்க" என்பார் மிஸ். அதுவும் ஒரு வகையில் நிஜம்தானே.

பின்னாலிருந்து மகள் குரல் வரும். "எப்பம்மா நாங்க வர்றது?" அதற்குப் பதில் சொல்லும்போது மட்டும் மிஸ் ஃபோனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்வார், முகம் தெரியாமலிருக்க.

பெற்றோர் முன்னால் பாடம் நடத்துகிற நாள் வந்தது. நாற்காலிகள் எல்லாம் நிறைந்துவிட்டன. குடைக்காரத் தகப்பனார் முன்வரிசையில் குடையை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மிஸ் சுவரோடு பேசிப் பேசிப் பழகியதை எல்லாம் இறக்கினார். ஒரு தமிழ் வார்த்தை தப்பித் தவறி வரவில்லை. பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து பேர் சொல்லின, வயது சொல்லின, பிடித்த மிருகம் சொல்லின. மேஜையேறிப் பயல்கூட ஒழுங்காகப் பேசினான். கைதட்டல் பலமாகவே விழுந்தது. முதலாளியம்மா உதட்டைத் தூக்கிக் காட்டவேண்டிய அவசியமே இல்லாமல் மிஸ் சிரித்துக்கொண்டிருந்தார். மகளுக்குச் சொல்லவேண்டிய சேதி தொண்டை வரை வந்துவிட்டது.

அப்போது பின்வரிசையில் பஸ் டிரைவர் சீருடையில் ஒரு அம்மா எழுந்தார். வகுப்பிலேயே பெரிய வாயாடியின் அம்மா. ஷிப்டு முடிந்து நேராக வந்திருக்கவேண்டும், காக்கி முழுக்க வேர்வை. அவர் தன் பாஷையில் சொல்லச் சொல்ல முதலாளியம்மா இங்கிலீஷில் மாற்றிச் சொன்னார்.

"தினம் காலையில நான் வேலைக்குக் கெளம்பும்போது எம் பொண்ணு வாசல் வரைக்கும் வந்து ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்றா. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு. போன வாரம் என் பஸ்ல ஒரு வெளிநாட்டுக்காரர் வந்தார். எறங்கும்போது நானும் அதைச் சொன்னேன். அவருக்குப் புரியலை. ரெண்டாவது தடவை சொன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டார். என் உச்சரிப்பு சரியில்லைன்னு நெனைக்கிறேன். கொஞ்சம் திருத்திக் கொடுங்க."

பிறகு அந்த அம்மா மூச்சை இழுத்துக்கொண்டு, பரீட்சையில் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னார். "பாத்துப் போ."

உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. அதுதான் கஷ்டம்.

இன்னொரு பொய் சொல்ல மிஸ்ஸால் முடிந்திருக்கும். ஒன்றுக்கு இரண்டாக அவர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். ஆனால் மிஸ் கண்ணுக்கு எதிரே நிற்பது ஒரு மாணவி, தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு நிற்கிறாள். பதினெட்டு வருஷமாக மிஸ் தப்பே செய்யாத எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறார். சரியாகச் சொன்னவளைப் பார்த்துத் தப்பு என்று சொன்னதில்லை. மகளின் முகம் ஒரு தடவை வந்து போயிற்று. போகட்டும் என்று வாயைத் திறந்தார்.

"நீங்க சொன்னது சரி. ஆனா அது இங்கிலீஷ் இல்லை. என் தாய்மொழி. எனக்கு இங்கிலீஷ் வராதப்ப எல்லாம் உங்க பிள்ளைங்ககிட்ட என் பாஷையிலதான் பேசினேன். கேட்டப்ப பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க."

இவ்வளவையும் இங்கிலீஷில், தடுக்காமல், யோசிக்காமல் சொன்னார். தான் அப்படிப் பேசியதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

 முதலாளியம்மா பெற்றோர் பக்கம் திரும்பி மொழிபெயர்க்க ஆரம்பித்தார். மிஸ் சொன்னது நாலு வரி. அவர் சொன்னது நாற்பது வரி இருக்கும். கையை ஆட்டினார், கண்ணை உருட்டினார், நடுவில் வாசலில் இருந்த விளம்பரப் படத்தைக்கூடக் காட்டினார். முடித்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். குடைக்காரர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். மிஸ்ஸுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

டிரைவரம்மா மட்டும் கிட்டே வந்து, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். கவனமாகப் போய்விட்டு வா, நான் இங்கே நினைத்துக்கொண்டிருப்பேன் என்று மிஸ் சொன்னார். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. விமான நிலையத்தில் மகள் தனக்குச் சொன்னதும் அதுதான். டிரைவரம்மா அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

எல்லோரும் போனதும் முதலாளியம்மா மிஸ்ஸைத் தன் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க மேடம்?"

"ரெண்டு பாஷை காதுல விழுந்தா மூளை நல்லா வளரும், எங்க இடத்தோட விசேஷ முறையே இதுதான்னு சொன்னேன். ஏழு பேர் பிள்ளைங்களோட தம்பி தங்கச்சிங்களையும் சேக்கறேன்னுட்டாங்க." ஒப்பந்தக் காகிதத்தை முன்னால் தள்ளினார். "இன்னொரு தடவை எங்கிட்ட பொய் சொன்னா டிக்கெட் வாங்கிக் கொடுத்து அனுப்பிடுவேன். நாளையிலேர்ந்து வகுப்புல உங்க பாஷை வேண்டாம்." பேனாவை நீட்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "படியில எறங்கும்போது சொல்றீங்களே, அது மட்டும் இருக்கட்டும்."

மிஸ் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"வெச்சுக்கிட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் கெளம்பலாம்."

மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏங்க, கேக்குதா?"

"கேக்குதும்மா." தொண்டையைக் கனைத்தார். "பாப்பாவைக் கொண்டுவந்து விட்டுட்டு நான் திரும்பிடறேன். கடையை யாரு பாக்கறது?"

"கடையைச் சாக்கு சொல்லாதீங்க. என்ன விஷயம்?"

ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடித்த மனிதர், சொல்லாமல் மென்று முழுங்கினார். கடைசியில் சொன்னார். "அங்க வந்து நான் எப்படிம்மா வாயைத் திறக்கறது? எல்லாரும் அசர்ற மாதிரி நீ பேசறே. உம் புருஷனுக்கு ஒரு வார்த்தை வரலைன்னா உனக்குத்தானே கேவலம்."

மூன்று மாதமாகத் தான் ஊட்டி வளர்த்த பெருமை இப்போது தன் வீட்டுக்காரரையே வரவிடாமல் தடுக்கிறது என்று மிஸ்ஸுக்குப் புரிந்தது. ஒரே நாளில் இரண்டு தடவை மானம் போனால்தான் என்ன என்று நினைத்தார்.

"எனக்கே வரலைங்க. முதல் நாள் வாயடைச்சு நின்னேன். ஒருத்தர் நான் வேலைக்காரின்னு குடையைக் கையில குடுத்துட்டுப் போனார். இவ்வளவு நாளும் பாதிக்குப் பாதி தமிழ்லதான் ஓட்டினேன்."

"நெஜமாவா?"

"நெஜமா."

மிஷின் சத்தம் நின்றது. அவர் அதை அணைத்துவிட்டார் போலிருந்தது.

"அப்படின்னா கடையை யாருக்கு விடறதுன்னு பாக்கறேன்" என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை மிஸ் கல்யாணத்தன்றுகூடக் கேட்டதில்லை.