தக்காளி மண்டியும் கோமதியின் இன்டர்வியூவும்

போன வாரம் பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போயிருந்தேன். பழுத்ததும் நசுங்கியதும் கலந்த அந்தப் புளித்த வாசனைக்கு நடுவே ஒருவர் டிராக்டரிலிருந்து பெட்டிகளை இறக்கி மலைபோல அடுக்கிக்கொண்டிருந்தார். சும்மா நிற்கத் தெரியாத ஆள் நான்; எண்ணிவிட்டேன். அறுபத்து நான்கு. "நல்ல விளைச்சல் போல இருக்கே?" என்று கேட்டேன்.

"எங்கீங்க, ஏதோ கொஞ்சம்" என்றார் அவர். அதோடு விடவில்லை. பெட்டிகளுக்கும் எனக்கும் நடுவே நகர்ந்து, மறைத்துக்கொண்டு நின்றார்.

எனக்குக் கோமதி ஞாபகம் வந்துவிட்டது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில் என் மனைவியால் என்னைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மிக்சரில் எத்தனை கடலை கிடந்தது என்று சொல்கிறவனோடு யார்தான் பகல் முழுக்கக் குடித்தனம் நடத்துவார்கள்? "எங்கயாச்சும் போய் எதையாச்சும் எண்ணிக்கிட்டு இருங்க" என்று அனுப்பிவிட்டாள். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பாயின் சைக்கிள் கடைக்கு மேலே, ஓர் அறை பிடித்து இங்கிலீஷ் வகுப்பு தொடங்கினேன்.

வந்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு வேலைக்குத் தயாராகிற நர்சுகள். இங்கிலீஷ் ஓரளவு நன்றாகவே பேசுவார்கள். 'மெனி'க்கும் 'மச்'சுக்கும் வித்தியாசம் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருந்தது நுணுக்கமான அளவுகளை. 'எ ஃப்யூ' என்றால் ஏதோ சில இருக்கின்றன, மனதைத் தேற்றிக்கொள்ளலாம். வெறும் 'ஃப்யூ' என்றால் இருப்பது போதாது, அழலாம். 'ஹார்ட்லி எனி' என்றால் துடைத்துப் போட்டாயிற்று. நமக்கோ இவை எல்லாவற்றுக்கும் ஒரே 'கொஞ்சம்'தான். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் நகருங்க, கொஞ்சமாச்சும் அறிவு இருக்கா. ஒரே துண்டை வைத்துக் குளித்து, துவட்டி, தலைப்பாகையும் கட்டிக்கொள்கிற சனம் நாம். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு வைத்திருக்கிறார்கள்.

கோமதி பாலக்கோட்டுப் பக்கத்துத் தக்காளி விவசாயியின் மகள். வகுப்பிலேயே கெட்டிக்காரி. இந்தத் துண்டுகளை எல்லாம் மற்றவர்களுக்கு முன்பே மடித்து அடுக்கிவிட்டாள். ஆனால் இரண்டு இன்டர்வியூவில் 'அனுபவம் போதாது' என்று தள்ளிவிட்டிருந்தார்கள். மூன்றாவதும் போனால் தருமபுரியிலேயே மாப்பிள்ளை பார்த்து முடித்துவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார். அம்மா மட்டும்தான் மகள் பக்கம்.

ஆறு வருடம் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவளுக்கு எப்படி அனுபவம் போதாமல் போகும்? ஒத்திகை வைத்தேன். நானே வெள்ளைக்கார அம்மாளாக மாறி, குரலையும் கொஞ்சம் மெலிதாக்கிக்கொண்டு, "உன் வார்டில் நோயாளிகள் எவ்வளவு பேர்?" என்று கேட்டேன்.

"ஒன்லி எ ஃப்யூ, மேடம்."

"அனுபவம்?"

"வெரி லிட்டில், மேடம்."

இலக்கணத்தில் ஒரு பிழை கிடையாது. அதுதான் என் வயிற்றெரிச்சல். "இருக்கறத இருக்குன்னு சொல்றதுக்கு என்னம்மா கேடு?" என்று கத்தினேன். அன்று அவளைக் கூட்டிப்போக வந்திருந்த அம்மா வாசலிலிருந்தே பதில் சொன்னார்.

"நெறையன்னு சொன்னா கண்ணு பட்டுடாதுங்களா சார்?"

"வெள்ளைக்காரி கண்ணு இம்புட்டு தூரம் எட்டாதும்மா."

"கம்ப்யூட்டர்ல மூஞ்சிக்கு நேரா பாக்கறாங்களே? பக்கத்து வூட்டுக்காரிகூட அவ்ளோ கிட்ட வந்து பாக்கமாட்டா."

நாற்பது வருடம் எத்தனையோ அதிகாரிகளிடம் வாதாடியவன், மேசை மேலிருந்த லேப்டாப்பின் மூடியைச் சாத்தினேன்.

இன்டர்வியூ என் லேப்டாப்பில், வகுப்பறையிலேயே. கரன்ட் போகுமா, நெட் நிற்குமா என்று எனக்குத்தான் வியர்த்தது. சத்தம் வேண்டாம் என்று பாயிடம் சொல்லி வைத்திருந்தேன். "இன்னிக்கு ஒரு ரிம்மைக்கூட தட்டமாட்டேன், நீங்க போய் மொதல்ல தண்ணி குடிங்க சார்" என்றார் அவர்.

அம்மா கைப்பிடி உப்பும் காய்ந்த மிளகாயுமாக வந்து சேர்ந்தார். மகளைச் சுற்றினார். லேப்டாப்பைச் சுற்றினார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் உக்காருங்க சார். எந்நேரமும் எதையாச்சும் எண்ணிக்கிட்டே இருக்கீங்க, உங்க கண்ணுமேலதான் எனக்கு பயமே" என்றார். உட்கார்ந்தேன். எனக்கும் மூன்று சுற்று.

மிளகாயை எடுத்துக்கொண்டு அவர் கீழே போனார். திரையில் நிஜமான வெள்ளைக்கார அம்மாள் வந்து வணக்கம் சொன்னார். நோயாளிகள் எவ்வளவு பேர் என்ற கேள்வி இரண்டாவதாகவே வந்துவிட்டது. கோமதி வாயைத் திறந்தாள். 'எ ஃப்யூ' அவள் உதட்டில் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் ஜன்னல் வழியாக நெடி வந்தது. சைக்கிள் கடை வாசலில் அம்மா மிளகாயை நெருப்பில் போட்டுவிட்டார். நான் இருமினேன். கோமதி இருமினாள். கீழே பாய் இருமுவதும் கேட்டது. கண் பட்டிருந்தால் நெடியே வராது. இப்படிக் கமறினால் கண்ணே படவில்லை என்பது எங்கள் ஊர்க் கணக்கு. கோமதிக்கு அது தெரியும். கண்ணில் நீர் வழிய, சிரித்துக்கொண்டே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எ லாட் ஆஃப் சில்ட்ரன், மேடம். ஃபார் டூ மெனி. அண்ட் ஐ நோ ஆல் ஆஃப் தெம்" என்று தொடங்கியவள் நிறுத்தவில்லை. ஊசி போடும்போது கடித்த பையனைப் பற்றி, இரவு முழுக்கத் தோளில் போட்டுத் தட்டிய குழந்தையைப் பற்றி. அந்த அம்மாள் கேள்வி கேட்பதையே மறந்துவிட்டார்.

வேலை கிடைத்தது. என்ன வேலை என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம், "என்னமோ சின்னதா ஒண்ணு" என்றாராம் அம்மா.

கோமதி போனாள். அவள் சொல்லி அவள் தோழிகள் வந்தார்கள், அவர்களும் போனார்கள். பிறகு போனிலேயே இங்கிலீஷ் சொல்லித்தர ஆரம்பித்துவிட்டார்கள். என் படியேற ஆளில்லை. பாய் மகனோடு ஓசூர் போய்விட்டார். அந்த மாடியில் இப்போது பியூட்டி பார்லர்.

சென்ற மாதம் ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். வார்டில் வந்துபோன நர்சுகளின் முகங்களை எல்லாம் உற்று உற்றுப் பார்த்தேன். "சார்" என்று கூப்பிட ஒருத்தி இல்லை. ஊசியோடு வந்த சின்னப் பெண், "இங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா தாத்தா?" என்று கேட்டாள்.

"இருந்தாங்கம்மா. எல்லாரையும் இங்கிலீஷ் சொல்லிக் குடுத்து நானே பிளேன் ஏத்தி வுட்டுட்டேன்."

அவள் ஊசியை அப்படியே நிறுத்திவிட்டு என் பக்கம் குனிந்தாள். "அப்ப எனக்கும் சொல்லிக் குடுப்பீங்களா தாத்தா?"

"மொதல்ல ஊசியப் போடும்மா" என்றேன்.