இழுப்புக்கு இந்தியில் என்ன?

புனேவுக்கு வந்த புதிதில் என்னைச் சிரிக்க வைத்த வார்த்தை டென்ஷன். நம் ஊரில் "டென்ஷன் ஆகாதே" என்போம். இங்கே அதை எடுத்துக்கொள்வார்கள். காய் விற்கிற அம்மாவிலிருந்து ரேஷன் கடைக்காரர் வரை "டென்ஷன் கேஊ நகா" என்பார்கள். டென்ஷன் எடுத்துக்காதீங்க என்று அர்த்தம். யாரோ தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரியும், நாம் வேண்டாம் என்று கையைக் காட்டிவிடலாம் போலவும் இருக்கும்.

தட்டு, கை என்றெல்லாம் பார்க்காமல் அது என் வாய்க்குள்ளேயே புகுந்துகொண்டது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வியாழக்கிழமை.

வீட்டுக்காரருக்கு தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் வேலை. மகளுக்கு ஆறு வயது. வீட்டுக்குள் நான் வாயாடி, ஓயாமல் பேசுவேன். வாசலைத் தாண்டினால் என் வாய் அவள்தான். மராத்தியும் இந்தியும் பள்ளிக்கூடத்திலிருந்து அவளோடு வீட்டுக்கு வந்தன. கடையில் நான் தமிழில் முணுமுணுப்பேன், அவள் பேரம் பேசுவாள். எனக்குத் தெரிந்த இந்தி, தமிழை வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்து வைத்த இந்தி.

பக்கத்து வீட்டில் தீபாவளிக்கு வெள்ளையடிக்கச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூசியில் விளையாடிவிட்டு வந்தவள், முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம். தொண்டைக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. அவளுக்கு இதுதான் முதல் தடவை. ஆனால் என் தம்பிக்குச் சின்ன வயதில் உண்டு, பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இழுப்பு.

தூக்கிக்கொண்டு ஓடி ஆட்டோ பிடித்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. வயிற்றில் புளியைக் கரைக்குது என்று நாம் சும்மா சொல்வதில்லை, அன்றைக்கு நிஜமாகவே கரைத்தது. உள்ளங்கை வேர்த்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு கூட்ஸ் வண்டி ஊர்ந்து வந்தது, முடிவே இல்லாமல். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "டென்ஷன் கேஊ நகா, தாயி" என்றார். அவரை அடிக்கலாம் போலிருந்தது.

"அம்மா..." என்றாள் மகள். அதற்கு மேல் அவளுக்கு மூச்சு இல்லை.

நர்சிங் ஹோமில் கரண்ட் இல்லை. வியாழக்கிழமை என்றால் அந்தப் பக்கம் அப்படித்தான். ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் மகளின் விசில் சத்தம் எனக்கே கேட்கவில்லை. டாக்டரம்மா மாடியில் இருந்தார். வயதான நர்ஸ் ஒருத்தர் ஓடி வந்தார்.

"கியா ஹுவா?" என்ன ஆச்சு என்று கேட்டார்.

இழுப்புக்கு இந்தியில் என்ன? தேடினேன். ஒன்றும் வரவில்லை. இழுக்குது, இழுக்குது என்று மண்டைக்குள் ஓடியதை அப்படியே பெயர்த்துப் போட்டேன்.

"பச்சி கோ கீஞ்ச் ரஹா ஹை!"

குழந்தையை எதுவோ பிடித்து இழுக்கிறது. நர்ஸ் காதில் அப்படித்தான் விழுந்திருக்கும்.

"ஜட்கா?" என்று கேட்டார்.

ஜட்கா என்றால் எங்கள் ஊரில் குதிரை வண்டி. அவர் கேட்டது வலிப்பு வெட்டுகிறதா என்று. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று "ஹான், ஹான்" என்று தலையாட்டினேன். அந்த நேரத்தில் எதைக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேன்.

அவ்வளவுதான், மகளை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். கம்பவுண்டர் ஓடி வந்து ஒரு சாவிக் கொத்தை அவள் கையில் திணித்தார். இழுப்பு வந்த பிள்ளையால் படுக்க முடியுமா? எழுந்து உட்காரத் துடித்தாள். அந்தத் துடிப்பை வலிப்பு என்று நினைத்து, நர்ஸ் தோளை அமுக்கினார். "பாவ் பக்டோ!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார், காலைப் பிடிக்கச் சொல்லி.

பிடித்தேன். அப்படி ஆகிவிட்டது என் உடம்பு. சொன்னதைச் செய்தது, யோசிக்கவில்லை.

அவள் உதட்டோரம் நீலம் படர்ந்தது. என்னைப் பார்த்தாள். எனக்காக ஊரெல்லாம் பேசுகிறவள், ஒரு வார்த்தை பேச மூச்சில்லாமல் பார்த்தாள்.

காலை விட்டேன். நர்ஸின் கையைத் தள்ளிவிட்டு அவளைத் தூக்கி உட்கார வைத்தேன். நர்ஸ் திட்டினார். பதில் சொல்ல என்னிடம் வார்த்தை எதுவும் இல்லை, தமிழில்கூட. அதனால் அவர் காதருகே போய், என் தொண்டையை நானே இறுக்கிக்கொண்டு அந்தச் சத்தத்தைப் போட்டேன். ஹீ... ஹீ... ஹீ... பைத்தியக்காரி மாதிரி.

நர்ஸ் அப்படியே நின்றார். குனிந்து மகளின் முதுகில் காதை வைத்தார்.

"அரே தேவா! தமா!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினார். "மேடம், தமா ஹை!" தமா. இழுப்புக்கு இந்தியில் அதுதான்.

டாக்டரம்மா படியில் தடதடவென்று இறங்கி வந்து, கையில் ஓர் ஊசி போட்டார். நானும் நர்ஸும் ஆளுக்கு ஒரு பக்கம் அவளைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். தொண்டைக் குழி உள்ளே போவது மெல்ல மெல்லக் குறைந்தது. உதட்டில் நிறம் திரும்பியது. ஆனால் அவள் கை வெடவெடவென்று நடுங்கியது, நெஞ்சு படபடவென்று அடித்தது. பதறிப்போய் டாக்டரைப் பார்த்தேன்.

"மருந்து அப்படித்தான் செய்யும், பயப்படாதீங்க" என்றார் இந்தியில்.

மகள் என் கையைப் பார்த்தாள். அதுவும் அதே மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, உனக்கும் அதே ஊசி போட்டாங்களா?"

அவள் என்ன சொல்கிறாள் என்று டாக்டர் கேட்க, அவளே இந்தியில் சொன்னாள். திக்கித் திக்கி, ஆனால் சொன்னாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

டாக்டர் சிரித்துவிட்டார். "உங்க அம்மாவுக்கு யாரும் போட வேணாம். அவங்க உடம்பே போட்டுக்கிச்சு."

ஊசியில் இருந்தது அட்ரினலின். பயந்தால் நம் உடம்பே சுரக்கிற சரக்கு அது என்று அவர்தான் சொன்னார். அப்புறம் பழைய பேப்பர் கடையில் கிடைத்த பாடப் புத்தகங்களைத் தட்டுத்தடுமாறிப் படித்து, மீதியைத் தெரிந்துகொண்டேன். சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து அது பாய்கிறது. வயிற்று வேலையை நிறுத்தி, ரத்தத்தைக் கை காலுக்கு அனுப்புகிறது. வாய் காய்கிறது. ஓடவோ அடிக்கவோ உடம்பு தயாராகிற அந்த நேரத்தில், வார்த்தை தேட மூளைக்குப் பொழுதில்லை. பழகின வழியில் பாய்ந்துவிடும். மூச்சுக் குழாயையும் அதுவே திறந்துவிடுகிறது. என் வாயை அடைத்த அதே சரக்குதான் அவள் மூச்சைத் திறந்தது.

அவளுக்கு ஊசியின் நடுக்கம் அன்று சாயங்காலமே போய்விட்டது. எனக்குப் போகவில்லை. மாதக்கணக்கில், எங்கே ஜெனரேட்டர் ஓடினாலும் நாக்கு வறண்டது. தூங்குகிறவளின் நெஞ்சில் கையை வைத்துப் பார்ப்பேன். வீட்டுக்காரர் ஒரு தும்மல் போட்டால் எரிந்து விழுவேன். "நான் தும்மினதுக்கு எதுக்குடி இந்தப் பாடு படறே?" என்பார் பாவம்.

ரயில்வே கேட்டுதான் மோசம். அது மூடினால் உள்ளங்கை வேர்த்துவிடும். மகள் கண்டுபிடித்துவிட்டாள். ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்து, என் ஈரக் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"அம்மா, கீஞ்ச் இல்ல. தமா. எங்க, சொல்லு."

"தமா."

"இன்னொரு வாட்டி."

ரயில் போய் கேட் தூக்குகிற வரை விடமாட்டாள்.